உச்சியில் 9 செ.மீ. முடி, தூக்க முடியாத இடது தோள்: வீட்டிலேயே சுருள் செட் பண்ண வழி இருக்கா?

ஒற்றைக்கை:

இடது தோள் இறுகிப்போய் ஏழு மாசம் ஆகுது. கை காது மட்டத்துக்கு வரும், அதுக்கு மேல ஒரு விரல்கடை கூட ஏறாது. முதல்ல பின்னலை விட்டேன், அப்புறம் கொண்டையை விட்டேன், போன மாசம் முடியையே விட்டுட்டேன். வெட்டினதுல எனக்கு வருத்தமே இல்லை, தலை துவட்ட ரெண்டு நிமிஷம் போதும். ஆனா என் முடி தடிச்ச நேர்முடி. நீளமா இருந்தப்ப அதன் கனத்துக்கு ஒழுங்கா தொங்கிச்சு. இப்ப உச்சியில சிரட்டையைக் கவிழ்த்த மாதிரி படிஞ்சும், காதுக்கு மேல துருத்திக்கிட்டும் நிக்குது.

ஸ்கேல் வச்சு அளந்து பார்த்தேன். உச்சியில 9 செ.மீ., காதுக்கு மேல 7, பிடரியில 3.

25 மி.மீ. தடிமன் உள்ள கர்லிங் அயர்ன் ஒண்ணு வாங்கினேன். 200 டிகிரியில வச்சு சுத்தினேன். உச்சி முடி ஏதோ ஒரு வளைவுக்கு வந்துச்சு. பக்கவாட்டுல சுத்தவே முடியலை, நுனி மட்டும் தூண்டில் முள் மாதிரி மடங்கி வெளியே எட்டிப் பார்த்துச்சு. வலது காது மடல்ல ஒரு சூடு வாங்கினேன், கொப்புளிச்சு ஆறிடுச்சு. இதுல பெரிய கொடுமை, நோகற கையோட மல்லுக்கட்டி இடது பக்கத்தை முடிக்கறதுக்குள்ள வலது பக்கம் பழையபடி நேராயிடுச்சு.

அடுத்து வெல்க்ரோ ரோலர். ஈரத் தலையில சுத்திட்டு, காய்ஞ்சதும் இழுத்தேன். வரலை. இன்னும் இழுத்தேன், கண்ணுல தண்ணிதான் வந்துச்சு. கடைசியில வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, சீப்பு முனையால அரைமணி நேரம் ஒவ்வொரு இழையா எடுத்தார். ஒரு கொத்தை வெட்டித்தான் எடுக்க முடிஞ்சுது.

சூடு பத்தலையா, கருவி தப்பா, இல்லை இந்த நீளத்துக்கு சுருளே வராதா? வராதுன்னா அதையும் தைரியமா சொல்லிடுங்க.

மாலைநடை:

ஸ்ட்ரெய்ட்னர் இருந்தா அதுலயே பண்ணலாமே. குறுகின தட்டு உள்ளதா எடுத்துக்கோங்க. முடியை நடுவுல பிடிச்சு, மணிக்கட்டை அரைச்சுத்து திருப்பி, மெதுவா நுனி வரைக்கும் இழுக்கணும். எனக்கு பாப் கட்தான், அஞ்சு நிமிஷத்துல அலை அலையா வந்துடும்.

ஒற்றைக்கை:

நன்றி மாலைநடை. வலது பக்கத்துக்கு இது சரிப்படும். இடது பக்கத்துக்கு வலது கை தலையைச் சுத்திக்கிட்டு வந்து மணிக்கட்டையும் திருப்பணும். ஒருதடவை முயற்சி பண்ணினேன், கழுத்து பிடிச்சுக்கிச்சு. இன்னொரு காதையும் பலி கொடுக்க பயமா இருக்கு.

வால்சீப்பு:

ஏம்மா, 7 செ.மீ. முடிக்கு 25 மில்லி கர்லரா? திட்டலை. என் நாற்காலியில வந்து உட்கார்ந்தவங்கள்ல பாதிப் பேர் அதே தப்பைப் பண்ணிட்டுத்தான் வந்தாங்க. 24 வருஷம் முடித் தொழில்ல இருந்தேன். இப்ப முழங்கால் ஒத்துழைக்கலை, நிறுத்திட்டேன். பேச ஆள் கிடைச்ச மாதிரி கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல கணக்கு. தொழில் கத்துக்கறப்ப ஆரம்பத்துலயே மண்டையில ஏத்திடுவாங்க: முடி ஒரு முழுச் சுத்து வந்தா வெறும் வளைவு, ஒண்ணரைச் சுத்து வந்தா அலை, ரெண்டரைச் சுத்து வந்தாத்தான் சுருள். இப்ப உங்க கர்லரை எடுத்துக்கோங்க. 25 மில்லி தடிமன்னா அதன் சுற்றளவு 78 மில்லிக்கு மேல. உங்க பக்கவாட்டு முடியே 70 மில்லிதான். ஒரு சுத்துக்கே பத்தலை. மண்டை சுடாம இருக்க வேர்ப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் விட்டா இன்னும் குறையும். அப்புறம் அது தூண்டில் முள்ளா நிக்காம என்ன பண்ணும்? 200 டிகிரி வச்சாலும் 300 டிகிரி வச்சாலும் அதேதான், முடி தீய்ஞ்சு போறதுதான் மிச்சம்.

12 மில்லி தடிமன்னா சுற்றளவு 38 மில்லிக்குக் கிட்ட. அதுல உங்க உச்சி முடி ரெண்டேகால் சுத்துக்கு மேல வரும், பக்கவாட்டு முடி ஒண்ணேமுக்கால் சுத்து வரும். மேல சுருள், பக்கத்துல அலை. குட்டை முடிக்கு அது அழகாவே இருக்கும். பிடரியில இருக்கற 3 செ.மீ.யை மறந்துடுங்க, அதைத் தொடவே வேண்டாம்.

வலது பக்கம் ஏன் அதுக்குள்ள நேராச்சுன்னு கேட்டீங்க. முடிங்கறது கெரட்டின்ங்கற புரதம். அதன் இழைகளுக்கு நடுவுல ஹைட்ரஜன் பிணைப்புன்னு ஒண்ணு இருக்கு, லேசான கொக்கி மாதிரி. தண்ணி பட்டா அந்தக் கொக்கி விட்டுக்கும், காயறப்ப முடி எந்த வடிவத்துல இருக்கோ அந்த வடிவத்துலயே மறுபடி மாட்டிக்கும். சூட்டுலயும் அதே கதைதான், சூட்டுல இளகும், ஆறறப்ப மாட்டிக்கும். நீங்க கர்லரை உருவினதும் முடியைச் சூட்டோட தொங்க விட்டிருப்பீங்க. அது தொங்கின வாக்குலயே ஆறிடுச்சு. உருவினவுடனே உள்ளங்கையில சுருளா ஏந்தி, அப்படியே ஒரு கிளிப்பைப் போட்டு ஆற விட்டிருந்தா நின்னிருக்கும்.

ஆனா உங்க தோளுக்கு சூட்டுக் கருவியே வேண்டாம்னு நான் சொல்லுவேன். சூடு வச்சா பத்து நொடிக்குள்ள கை வேலையை முடிச்சுட்டு விலகணும். வலிக்கிற கைக்கு பத்து நொடியில அவசரம் வந்தாலே தப்பு நடக்கும். தண்ணி அவசரப்படுத்தாது. பின் சுருள் (pin curl) போடுங்க, ஈர முடியை வளையமா சுத்தி, மண்டையோட பின்னோ கிளிப்போ போட்டுக் காய விடறது. கர்லிங் அயர்ன் வீட்டுக்கு வீடு வர்றதுக்கு முன்னாடி குட்டை முடிக்காரங்க செட் பண்ணினது இப்படித்தான். 1920-கள்ல பாப் கட் பரவினப்ப அதை அடக்கி வைக்கறதுக்குன்னே வந்ததுதான் பாபி பின், பேரே அதுலேருந்து வந்ததுதான்.

செய்யற முறையைச் சொல்றேன். தலைக்கு ஊத்தி, கண்டிஷனர் போட்டா நல்லா அலசிடுங்க, வழவழன்னு இருந்தா பின் நிக்காது. துண்டால ஒத்தி எடுங்க. சொட்டக் கூடாது, ஆனா தொட்டா குளிர்ச்சியா ஈரம் தெரியணும். செட்டிங் லோஷனோ, மூஸோ உள்ளங்கையில கொஞ்சம் எடுத்து வேர்லேருந்து நுனி வரை தடவிச் சீவுங்க. வகிடு எந்தப் பக்கம்னு அப்பவே முடிவு பண்ணிடுங்க, காய்ஞ்ச பிறகு மாத்தினா கேட்காது.

மேசை முன்னால உட்காருங்க. இடது முழங்கைக்குக் கீழ ரெண்டு தலையணை அடுக்கி, தலையை அந்தப் பக்கமா சாய்ச்சுக்கோங்க. கையைத் தலைக்குத் தூக்காதீங்க, தலையைக் கைக்குக் கொண்டு வாங்க. கண்ணாடி வேண்டாம், கண்ணாடியில இடவலம் மாறித் தெரிஞ்சு விரல் தடுமாறும். தடவித் தடவியே போடுங்க, நாலஞ்சு சுருளுக்குள்ள விரலுக்குப் பிடிபட்டுடும்.

ரெண்டு சென்டிமீட்டர் சதுரத்துக்கு முடியைப் பிரிச்சு, வேர்லேருந்து நேரா சீவுங்க. இனிமே வர்றதுதான் முக்கியம். டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழிச்சு, முடி நுனியை அதுக்குள்ள மடிச்சுப் பிடிங்க. ஒரு முடி நுனி கூட வெளியே நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. நுனி மடங்கிக் காய்ஞ்சா அந்தச் சுருள் பூரா எவ்வளவு அழகா இருந்தாலும் கண்ணுக்கு அந்த மடிப்புதான் தெரியும். இப்ப ஒரு மார்க்கர் பேனா எடுத்துக்கோங்க, 12 மில்லி தடிமன்ல இருக்கும். நுனியை அதுல வச்சு, மண்டையைப் பார்க்க உருட்டிக்கிட்டே வாங்க. இறுக்கி இழுக்காதீங்க, ஈர முடி ரப்பர் மாதிரி நீளும், காயறப்ப சுருங்கி வேரை இழுக்கும். மண்டைக்கு வந்ததும் பேனாவை மெல்ல உருவிட்டு, அந்த வளையத்தைச் சட்டைப் பொத்தான் மாதிரி மண்டையோட படுக்க வச்சு கிளிப் போடுங்க.

கிளிப் ஒற்றைக் கால் உலோகக் கிளிப்பா இருக்கட்டும், ஒரு கையால அமுக்கினாலே வாய் திறக்கும். ஹேர்பின்னுக்கு ரெண்டு கை வேணும். அதைப் பல்லால விரிக்கிற பழக்கமும் வேண்டாம், பல்லும் போகும், பின் முனையில இருக்கற பூச்சும் போய் மண்டையைக் கீறும். வளையத்துக்குக் குறுக்கே போடுங்க. நடுவுல குத்தினா தழும்பு மாதிரி ஒரு பள்ளம் விழும்.

அடுத்த வரிசையைச் செங்கல் அடுக்கற மாதிரி இடம் மாத்திப் போடுங்க. ஒண்ணுக்கு நேர் கீழ இன்னொண்ணு வந்தா, பிரிச்சதும் நடுவுல மண்டை கோடு கோடாத் தெரியும். முன்நெற்றியில மட்டும் சதுரமா இல்லாம முக்கோணமா பிரிங்க, அதே காரணத்துக்குத்தான். உச்சியில தூக்கலா வேணும்னு நினைச்சீங்கன்னா, அங்க மட்டும் வளையத்தைப் படுக்க வைக்காம நிமிர்த்தி நிறுத்தி, அடியில கிளிப் போடுங்க.

காய விடுங்க. தடிச்ச முடிக்கு மூணு நாலு மணி நேரம் கூட ஆகும். அவசரம்னா ஹேர் டிரையரைக் குறைஞ்ச சூட்டுல, ஒரு சாண் தள்ளிப் பிடிங்க. காதுமேல பஞ்சு வச்சுக்கோங்க, உலோகக் கிளிப் சூடேறும். காய்ஞ்சிருச்சான்னு பார்க்க முன்னாடி இருக்கறதைப் பிரிக்காதீங்க, முடி அடர்த்தியா இருக்கற பின்மண்டையில ஒண்ணைப் பிரிங்க. உள்ளே துளி குளிர்ச்சி இருந்தாலும் திரும்பச் சுத்தி மூடிடுங்க.

வெல்க்ரோ ரோலரைத் தூக்கிப் போட வேண்டாம். அது கிட்டத்தட்ட காய்ஞ்ச முடிக்கு. எடுக்கறப்ப இழுக்கக் கூடாது, சுத்தின வழியே திருப்பிச் சுத்தி எடுக்கணும். உங்க வீட்டுக்காரருக்கு என் அனுதாபம்.

இரட்டைச்சுழி:

ஆம்பளை ஒருத்தன் நடுவுல புகுந்து சொல்றேன், சிரிக்காதீங்க. எனக்கும் முன்னாடி 8 செ.மீ. முடி, வால்சீப்பு அக்கா சொல்ற முறையிலதான் ரெண்டு வருஷமா அலை விடறேன். பேனாவுக்குப் பதில் என் சுண்டுவிரல்.

ஒரு எச்சரிக்கை. என் பேரைப் பார்த்தாலே தெரியும், உச்சியில ரெண்டு சுழி. முதல்தடவை சுழிக்கு எதிர்த்திசையில சுத்தி, ராத்திரி பூரா விட்டேன். காலையில பிரிச்சா, பின்மண்டையில விசிறி விரிச்ச மாதிரி நிக்குது. படிய வைக்கத் தண்ணி தெளிச்சேன், செட் பூரா போச்சு, விசிறி மட்டும் போகலை. சுழி எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கமே சுத்துங்க.

செட்டிங் லோஷன் இல்லாதவங்களுக்கு ஆளிவிதை ஜெல் நல்லா வேலை செய்யுது. கால் கப் விதை, ரெண்டு கப் தண்ணி, கிளறிக்கிட்டே கொதிக்க விடுங்க. முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் இழுக்கறப்ப இறக்கி, சூடா இருக்கறப்பவே வடிகட்டிடணும். ஆறினா வடிகட்டவே முடியாது, நான் ஒரு தடவை விட்டுட்டு வடிகட்டியைத்தான் கழுவிக்கிட்டு இருந்தேன். குளிர்பதனப் பெட்டியில ஒரு வாரம் வச்சுக்கலாம், அதுக்கு மேல வாடை வரும்.

நேர்வகிடு:

இவ்வளவு பாடு எதுக்கு? ஒரே தடவை பெர்ம், அதான் மருந்து போட்டு முடியைச் சுருளாக்கறது, பண்ணிட்டா மாசக்கணக்குல கவலை இல்லை. வீட்டுல பண்ற கிட் கூட கிடைக்குதே.

வால்சீப்பு:

இரட்டைச்சுழி தம்பி சொன்னது நூத்துக்கு நூறு சரி. சுழியை ஜெயிச்சவன் எவனும் இல்லை.

நேர்வகிடு, பெர்மை நான் கெட்டதுன்னு சொல்ல மாட்டேன், எத்தனையோ தலைக்குப் போட்டிருக்கேன். ஆனா அது வேற வேலை. பின் சுருள் தொடறது அந்த லேசான கொக்கிகளை. பெர்ம் உடைக்கிறது டைசல்ஃபைடு பிணைப்புங்கற கெட்டிப் பூட்டை. தையோகிளைகோலேட்ங்கற மருந்து பூட்டை உடைக்கும், அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடு திரும்பப் பூட்டும். நேரம் தப்பினாலோ, சாயம் போட்டு வெளுத்த முடியில போட்டாலோ, முடி ஈரத்துல பிசுபிசுன்னு நீண்டு கையோட வந்துடும். 1905-ல லண்டன்ல கார்ல் நெஸ்லர் இயந்திரத்தை வச்சு முதல்முதலா பெர்ம் போட்டுக் காட்டினார். அதுக்கு முன்னாடி சோதனைக்கு உட்கார்ந்தது அவர் மனைவி, ரெண்டு தடவை முடி பூரா கருகிப் போச்சாம். சூடில்லாத பெர்ம் 1938-லதான் வந்துச்சு. இப்ப கிட் அவ்வளவு ஆபத்து இல்லைதான். ஆனா ஒரு கை மட்டும் வேலை செய்யற ஒருத்தர், கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே, கண்ணுல வழியாம, பின்மண்டைக்கும் சேர்த்து தானே மருந்து போடறதுன்னா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஆசை இருந்தா தெரிஞ்ச கையில கொடுத்துப் பண்ணிக்கட்டும்.

இன்னொண்ணு, கர்லரை விட மனசில்லாதவங்களுக்கு. ஈர முடியில ஒருநாளும் வைக்காதீங்க. முடிக்குள்ள இருக்கற தண்ணி கொதிச்சு ஆவியாகி, உள்ளேயே குமிழ் குமிழா வெடிக்கும். வெளியே தெரியாது, ஒரு மாசம் கழிச்சு அந்த இடத்துல மட்டும் உடையும். தடிச்ச முடிக்கும் 150-ல ஆரம்பிச்சு, தேவைப்பட்டா 180. அதுக்கு மேல வேண்டவே வேண்டாம். 1872-ல பாரிஸ்ல மார்செல் கிராத்தோ சூட்டு இடுக்கியால அலை போட ஆரம்பிச்சாரே, அந்த மாதிரி இடுக்கியில டிகிரி எண்ணே கிடையாது. தீயில காய்ச்சி, ஒரு வெள்ளைக் காகிதத்துல வச்சுப் பார்ப்பாங்க, காகிதம் பழுத்தா முடிக்கு ஆகாது. எண் தப்பாக் காட்டற கருவிகளுக்கு நான் இன்னிக்கும் அதே காகிதத்தைத்தான் நம்பறேன்.

ஒற்றைக்கை:

நாலு நாள் கழிச்சு வந்திருக்கேன். போட்டாச்சு!

26 பின். ஒண்ணரை மணி நேரம் ஆச்சு, நடுவுல ரெண்டு தடவை தலை காய்ஞ்சு தண்ணி தெளிச்சுக்கிட்டேன். தலையணை யோசனைக்கு உங்களுக்குக் கோயிலே கட்டலாம் அக்கா, தோள் ஒரு தடவை கூட முனகலை. பின்பக்கம் ஆறு பின்னை மட்டும் வீட்டுக்காரர் போட்டார். முதல் ரெண்டும் இடியாப்பம். மூணாவதுல பிடிச்சுக்கிட்டார், நாலாவதுல எனக்கே பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டார்.

மூணு மணி நேரம் கழிச்சு பின்மண்டையில ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்தேன். மேல காய்ஞ்சிருந்துச்சு, வளையத்துக்கு உள்ள விரலை விட்டா ஜில்லுன்னு இருந்துச்சு. மூடிட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்து எல்லாத்தையும் பிரிச்சேன்.

பிரிச்சதும் கண்ணாடியில பார்த்தா செம்மறி ஆட்டுக்குட்டி. நெஞ்சு திக்குன்னுச்சு. முடியே பாதி நீளம் ஆன மாதிரி, மண்டை பூரா குட்டிக் குட்டி வளையம். வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலை, சொல்லாம இருக்க அவர் பட்ட பாடு முகத்துலயே தெரிஞ்சுது. சீவலாமா வேண்டாமான்னு நின்னுட்டு, துணிஞ்சு பிரஷ்ஷை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன். அவ்வளவுதான், வளையம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து அலையா விழுந்துச்சு.

ஆனா ஒரு சிக்கல். வலது பக்க அலை முகத்தை விட்டு விலகி அழகா பின்னால போகுது. இடது பக்கம் பூரா முகத்தை மூடிக்கிட்டு கன்னத்துல வந்து விழுது. பக்கவாட்டுல அடிக்கிற காத்துல நிக்கிற மாதிரியே இருக்கேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் சுத்தினேன், சத்தியமா.

வால்சீப்பு:

ஒரே மாதிரி சுத்தினதுதாம்மா தப்பு. என் தப்பும்தான், திசையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டேன். எனக்குக் கை பழகிப்போனதால சொல்லணும்னே தோணலை.

ரெண்டு பக்கமும் கடிகார முள் சுத்தற திசையிலயே போட்டா, ஒரு பக்கம் பின்னால போகும், மறுபக்கம் முன்னால வரும். ஒரு பக்கம் கடிகாரத் திசைன்னா மறுபக்கம் எதிர்த்திசை. ரெண்டு கையும் வேலை செய்யறவங்களுக்கு இடது கை தானாவே எதிர்த்திசையில சுத்தும், அவங்களுக்கு இது தெரியாமலே சரியா வந்துடும். நீங்க ரெண்டு பக்கத்தையும் வலது கையாலயே போட்டிருக்கீங்க. வலது கைக்கு ஒரு திசைதான் சுகம். உங்க வலது பக்கம் சரியா வந்திருக்கறதால அதை அப்படியே வச்சுக்கிட்டு, இடது பக்கத்தை மட்டும் கைக்குப் பிடிக்காத திசையில சுத்துங்க. முதல்ல கோணலாத்தான் வரும்.

தலையை மேலேருந்து பார்க்கற மாதிரி ஒரு வட்டம் வரைஞ்சு, மூக்கு, வகிடு, சுழி மூணையும் குறிச்சு, ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு அம்புக்குறி போட்டு மேசையில வச்சுக்கோங்க. கத்துக்க வந்த பிள்ளைங்களுக்கு நான் இதைத்தான் பண்ணச் சொல்லுவேன்.

விருப்பம் இருந்தா இன்னொரு விளையாட்டும் இருக்கு. ஒரு வரிசையைக் கடிகாரத் திசையிலயும், அடுத்த வரிசையை எதிர்த்திசையிலயும் போட்டா, பிரஷ் பண்றப்ப ரெண்டும் கோத்துக்கிட்டு ஆழமான அலை விழும். உங்க உச்சியில 9 செ.மீ. இருக்கறதால அங்க வரும். பக்கவாட்டுல வேண்டாம், நீளம் பத்தாது.

ஒற்றைக்கை:

இப்பதான் புரியுது. பழைய உறையோட பின்பக்கத்துல தலை வரைஞ்சாச்சு. மூக்கு இல்லைன்னா உருளைக்கிழங்குன்னுதான் நினைப்பாங்க.

ரெண்டு சின்னக் கேள்வி. பின்னோட தூங்கலாமா? எத்தனை நாள் நிக்கும்? எனக்கு மறுநாள் சாயங்காலமே உச்சி படிஞ்சுடுச்சு, நல்ல மழை வேற.

இரட்டைச்சுழி:

மழைதான் காரணம். காத்துல ஈரம் ஏறினா அந்தக் கொக்கி எல்லாம் மறுபடி விட்டுக்கும், அக்கா சொன்னாங்களே. மழை நாள்ல நான் செட் பண்ணவே மாட்டேன். பண்ணியே ஆகணும்னா, பிரஷ் பண்ணின பிறகு ஹேர் ஸ்ப்ரேயை ஒரு முழம் தள்ளி நின்னு லேசா அடிப்பேன். நனைய அடிச்சா அதுவே ஈரமாகி முடியைப் படிய வச்சுடும்.

தூக்கம்: நான் தூங்குவேன். ஆனா பக்கவாட்டுல கிளிப் குத்தும். காதுக்கு மேல மட்டும் உலோகக் கிளிப்புக்குப் பதிலா பஞ்சு ரோலர் போடுங்க, நுரைப் பஞ்சுல வருமே, மெல்லிசா, அது.

வால்சீப்பு:

தூங்கறதா இருந்தா சாயங்காலமே போட்டு, முக்கால்வாசி காய்ஞ்ச பிறகு படுங்க. சொதசொதன்னு ஈரத்தோட படுத்தா தலையணை அமுக்கத்துல கிளிப் தடம் விழுந்து காயும், காலையில பாதித் தலைக்குத் திரும்பப் போடணும். வழவழப்பான துணி ஒண்ணைத் தலையில கட்டிக்கோங்க. பருத்தித் துணி முடியோட உரசும், ஈரத்தையும் உறிஞ்சும்.

உங்க முடிக்கு ரெண்டு நாள் நின்னா அதுவே நல்ல செட். ரெண்டாம் நாள் முழுசா நனைக்காதீங்க. உச்சியில மட்டும் நாலு பின்னுக்கு உண்டான முடியை விரல் நுனியால ஈரம் தொட்டுச் சுத்தி, நிமிர்த்தி நிறுத்தி, நீங்க காலை வேலை பார்க்கற நேரம் விட்டுடுங்க. அது போதும்.

ஒற்றைக்கை:

ரெண்டாவது தடவை நேத்து போட்டேன். 24 பின், ஒரு மணி பத்து நிமிஷம். இடது பக்கம் பின்னால போகுது! முதல் நாலு சுருள் கோணலா வந்து பிரிச்சுப் போட்டேன், அஞ்சாவதுலேருந்து கை பழகிடுச்சு. அம்புக்குறி போட்ட உறையை முகம் பார்க்கற கண்ணாடியில ஒட்டி வச்சிருக்கேன்.

வலது காதுக்குப் பின்னால ஒரு கொத்து மட்டும் எப்படிச் சுத்தினாலும் நுனி வெளியே நீட்டிக்குது. டிஷ்யூவும் போட்டுப் பார்த்துட்டேன்.

வால்சீப்பு:

வெல்க்ரோ ரோலர்லேருந்து ஒரு கொத்தை வெட்டி எடுத்தாங்கன்னு சொன்னீங்களே, அது எந்தப் பக்கம்?

ஒற்றைக்கை:

அட, அதேதான்! இப்ப ஸ்கேல் வச்சுப் பார்த்தேன், ரெண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கு.

வால்சீப்பு:

மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல வளரும். ஒண்ணரைச் சுத்து வர இன்னும் மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் கொஞ்சம் ஜெல் தொட்டு, காதுக்குப் பின்னால படிய வச்சு, ஒரு கிளிப் போட்டுக்கோங்க.